38–7 என்றிருந்த இடைவேளையில் எழுந்து போயிருக்க வேண்டுமா? (டி.சி.யு. – ஜார்ஜியா, சோஃபை அரங்கம்)

ஊதாச்சட்டை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 2023 ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டின் சோஃபை அரங்கத்தில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணி (இனி டி.சி.யு.) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியிடம் 65–7 என்று தோற்றதை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் கேட்க வந்தது அதற்குள் இருக்கும் ஒரு சின்ன விஷயம். இடைவேளையில் என் சித்தப்பா மகன், "அண்ணா, வண்டிச் சாவியைக் கொடுங்கள், நான் போய் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று கேட்டான். நான் கொடுக்கவில்லை. அன்றிரவு விடுதி போய்ச் சேரும் வரை அவன் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா என்ற கேள்வி இன்னும் எனக்குத் தீரவில்லை.

நான் ஏன் மறுத்தேன் என்பதைச் சொல்ல 2016 ஜனவரி 2-க்குப் போக வேண்டும். சான் அன்டோனியோவில் அலமோ போல் (bowl, பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்), எதிரணி ஓரிகன். எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) டிரெவோன் பாய்கின் ஆட்டத்துக்கு முன்பு கைதாகி இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக ஆடிய பிராம் கோல்ஹாசன் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தந்தையை இழந்திருந்தார். இடைவேளையில் 31–0. நானும் என் நண்பர்கள் இருவரும் எழுந்துவிட்டோம். மறுநாள் வேலை இல்லை, வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை, இருந்தும் எழுந்துவிட்டோம். ஐ-35 சாலையில் வடக்கே வந்துகொண்டிருந்தபோது வானொலியில் ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டோம். பயிற்சியாளர் கேரி பாட்டர்சன் கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு எங்கள் அணியின் நிறமான ஊதாச் சட்டையோடு களத்துக்குத் திரும்பியிருந்தார். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருந்தபோது ஒரு ஃபீல்ட் கோலில் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) 31–31 ஆனது. மூன்றாவது கூடுதல் நேரத்தில் 47–41 என்று வென்றோம். ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டோம். நண்பர்கள் வண்டியை விட்டு இறங்கிக் குதித்தார்கள். எனக்கு இறங்க மனம் வரவில்லை. என் வாழ்நாளில் என் அணி ஆடிய மிகப் பெரிய ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு சட்டைப் பையில் இருக்க, அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இனி எந்தக் கணக்கில் இருந்தாலும் கடைசி விநாடி வரை எழுந்திருப்பதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

2022 பருவத்தை நேரில் பின்தொடர்ந்தவர்களுக்கு அந்த முடிவின் பலம் தெரியும். முந்தைய ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அணியை நடத்திய பாட்டர்சன் பருவத்தின் நடுவில் விலகியிருந்தார். புதிதாக வந்த சோனி டைக்ஸ் முதல் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் மேக்ஸ் டுகனை உட்கார வைத்துவிட்டு வேறொருவரைக் களமிறக்கினார். அவருக்குக் காயம் பட்டதால்தான் டுகன் உள்ளே வந்தார். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய ஓர் இளைஞர், பின்தங்கிய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நவம்பர் 19 அன்று பேய்லருக்கு எதிராக நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதைக்கும் குழு களத்துக்குள் பாய்ந்து வந்து, கடைசி விநாடியில் கிரிஃபின் கெல் உதைத்த 40 யார்டு பந்தால் 29–28 என்று வென்றோம். டிசம்பர் 31 அன்று மிச்சிகனை 51–45 என்று வீழ்த்தினோம். அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பின்தங்குவது பழகிப்போயிருந்தது. பின்தங்கினால் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே பழகிவிட்டது.

அந்த நம்பிக்கை சோஃபையில் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். 10–0 என்றிருந்தபோது டுகன் வீசிய பந்தைப் பிடித்த டெரியஸ் டேவிஸ் 60 யார்டு ஓட, அடுத்து டுகனே பந்தோடு எல்லைக்குள் நுழைந்தார். 10–7. எங்கள் பகுதி முழுவதும் எழுந்து நின்றது; முன் வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். ஜார்ஜியா அடுத்து பந்தை எடுத்த சில நிமிடங்களில் லாட் மெக்காங்கி, பக்கத்தில் ஓர் ஊதாச் சட்டைகூட இல்லாத இடத்தில், 37 யார்டு பந்தைப் பிடித்தார். பந்து காற்றில் இருக்கும்போதே மேலிருந்து பார்த்த எங்களுக்கு அது தெரிந்துவிட்டது. பெரியவர் என் கைகளை விட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் திரும்பவே இல்லை.

முதல் பாதியில் பந்து கையில் வந்த ஆறு முறையும் ஜார்ஜியா புள்ளி எடுத்தது. இடைவேளைக்கு 26 விநாடிகள் இருக்கும்போது, எங்களிடமிருந்து பறித்த பந்தை இன்னொரு டச்டவுனாக (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) மாற்றி 38–7 என்றாக்கியது. தம்பி சாவி கேட்டது அப்போதுதான். "31–0-விலிருந்து வந்திருக்கிறோம்டா" என்றேன். அவன், "அது ஓரிகன், அண்ணா. இவர்களைப் பாருங்கள்" என்றான். அவன் சொன்னது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சாவி என் கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

இரண்டாம் பாதியில் 45, 52, 59, 65. நான்காம் பகுதியின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் பயிற்சியாளர் ஓர் இடைநிறுத்தம் கேட்டு, தன் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட்டை மட்டும் வெளியே அழைத்துக்கொண்டார். அரங்கத்தின் பெரும்பகுதி எழுந்து அவருக்குக் கைதட்டியது. இன்னும் 13 நிமிடங்களுக்கு மேல் இருந்தன. எதிரணி தன் வீரரை வழியனுப்பி முடித்துவிட்ட ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பதின்மூன்று நிமிடங்களில்தான் அறிந்தேன். வெளியே மழை. சோஃபைக்குக் கூரை உண்டு, பக்கங்கள் திறந்தவை. ஈரக்காற்று உள்ளே வந்தது. எங்கள் வரிசையில் இருபது இருக்கைகளில் நாங்கள் இருவர், ஒரு தாய், அவருடைய மகன். தம்பி சட்டைத் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டான். தோற்கிறோமே என்பதைவிட, அவனைப் பிடித்து வைத்திருக்கிறேனே என்பது எனக்கு அதிகமாக உறுத்தியது. உங்கள் அணி நேரில் இப்படித் தோற்றதைப் பார்த்தவர்கள் என்ன செய்தீர்கள்?

---

ஏதென்ஸ் முன்னாள் மாணவன்

நான் அன்று அதே அரங்கத்தில் எதிர்ப்பக்கம் இருந்தேன். ஜார்ஜியாவில் படித்தவன். உங்கள் பதிவைப் படிப்பதற்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 45–7 ஆன பிறகு எங்கள் பக்கத்தில் கூச்சலின் தன்மையே மாறியது. சிலர் களத்தைவிட்டு எதிர்ப்பக்கத்து ஊதா நிறம் எப்படிக் குறைகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரை இருந்தவர்களைக் குறித்து எங்கள் வரிசையில் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அந்த இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் வந்ததே ஓர் உதையின் தயவில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 இரவு, அட்லாண்டாவில், புத்தாண்டு பிறக்கும் கணத்தில் ஒஹாயோ ஸ்டேட் உதைத்த 50 யார்டு பந்து இடப்பக்கம் விலகிப் போனது, 42–41. அது உள்ளே போயிருந்தால் சோஃபையில் உங்களுக்கு எதிரே வேறு அணி நின்றிருக்கும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: தோல்வியில் மிகக் கொடியது 65–7 அல்ல. 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நான் இருந்தேன். இடைவேளையில் அலபாமாவுக்கு எதிராக 13–0 என்று முன்னணியில் இருந்தோம். கூடுதல் நேரத்தில் அவர்களுடைய குவார்ட்டர்பேக்கை வீழ்த்தி, இரண்டாவது முயற்சிக்கு 26 யார்டு வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளினோம். பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்திருந்தேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் டுவா டகோவைலோவா 41 யார்டு வீசி, டெவான்டா ஸ்மித் பிடித்து, 26–23 என்று எல்லாம் முடிந்துவிட்டது. அன்று, 1980-க்குப் பிறகு பட்டமே இல்லாத அணி எங்களுடையது. பெரிய தோல்வியில் மனம் படிப்படியாகத் தயாராகிறது. அந்த ஆட்டத்தில் அதற்கு ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை. அது போன்ற தோல்விக்குப் பதிலாக 65–7-ஐ நான் ஏற்றுக்கொள்வேன்.

---

ஊதாச்சட்டை

உங்கள் பதிலுக்கு நன்றி. ஆனால் நான் உடன்படவில்லை. 26–23 என்பதில் உங்கள் அணி அந்தக் களத்துக்கு உரிய அணி என்பது எவருக்கும் சந்தேகமில்லை. 65–7-க்கு மறுநாள், நாங்கள் அங்கே வந்ததே தவறு என்று எழுதினார்கள். மிச்சிகனை வென்றதுகூடத் தற்செயல் என்று எழுதினார்கள். ஒரே ஓர் ஆட்டம் பின்னோக்கிச் சென்று, அதற்கு முந்தைய பதின்மூன்று வெற்றிகளையும் குறைத்துக் காட்டியது. 2014-இல் பிளேஆஃபிலிருந்து (பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதிய இறுதிச் சுற்று) எங்களை விலக்கியது நினைவிருக்கும்: கடைசி ஆட்டத்தில் அயோவா ஸ்டேட்டை 55–3 என்று வென்றும் தரவரிசையில் மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டோம். அந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் விஸ்கான்சினை 59–0 என்று நசுக்கியதுதான் அதற்குக் காரணம். அப்போது இன்னொருவர் தோல்வி எங்களை வெளியே தள்ளியது. எட்டு ஆண்டுகள் காத்திருந்து உள்ளே வந்த பிறகு எங்கள் தோல்வியே எங்களுக்கு எதிரான சாட்சியானது. உங்கள் வலி ஓர் இரவின் வலி, அது பெரிதுதான். ஆனால் மறு ஆண்டுகளில் இரண்டு பட்டங்கள் அதை ஆற்றின. எங்களுடைய கடைசிப் பட்டம் 1938-இல்.

---

தல்லஹாசிவாசி

நான் ஃப்ளோரிடா ஸ்டேட். 2023 டிசம்பர் 30, மயாமி கார்டன்ஸ், ஆரஞ்ச் போல். அதே ஜார்ஜியா. 63–3. உங்களுடைய 58 புள்ளி வித்தியாசத்தை 60 ஆக்கி, போல் ஆட்டங்களின் மிகப் பெரிய தோல்வி என்ற இடத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்தான்.

இடைவேளையில் 42–3. நான் எழுந்து வந்துவிட்டேன். இன்றுவரை ஒரு கணமும் வருந்தியதில்லை. ஏனென்றால் அன்று களத்தில் இருந்தது நான் பருவம் முழுவதும் பார்த்த அணி அல்ல. 13–0 என்று தோல்வியே இல்லாமல் முடித்தும் எங்களைப் பிளேஆஃபில் சேர்க்கவில்லை. நவம்பரில் எங்கள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். மனம் உடைந்த அணியிலிருந்து 20-க்கும் மேற்பட்ட வீரர்கள், சிலர் அடுத்த நிலையான தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாராகவும் சிலர் வேறு பல்கலைக்கழகம் போகவும் சிலர் காயத்தாலும், அன்று ஆடவில்லை. முதலாண்டு மாணவர் ஒருவர் பந்து வீசினார். அந்தப் பையன்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்கள் அடிபடுவதை உட்கார்ந்து பார்ப்பது எந்த வகையில் விசுவாசம் ஆகும்?

உங்கள் தம்பி கேட்டது நியாயம். ஒருவர் தன் துக்கத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். சாவியைக் கொடுத்திருக்க வேண்டும்.

---

லபக் மணற்காற்று

டெக்சஸ் டெக் ரசிகன். 38–7 என்ற எண்ணைத் தலைப்பில் பார்த்ததும் இந்த இழைக்குள் வந்துவிட்டேன். 2006 டிசம்பர் 29, இன்சைட் போல், அரிசோனாவின் டெம்பி. மூன்றாம் பகுதியில் மினசோட்டா எங்களைவிட 38–7 என்று முன்னே இருந்தது. கூடுதல் நேரத்தில் 44–41 என்று வென்றோம். நீங்கள் அலமோவில் எட்டியதும் அதே 31 புள்ளிகள்தான். இரண்டு நாள் கழித்து மினசோட்டா தன் பயிற்சியாளரைப் பணிநீக்கம் செய்தது.

இதில் உங்களுக்கு நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. அன்று எங்கள் பயிற்சியாளர் மைக் லீச். 2006 பருவத்தில் அவரிடம் தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்ட உதவியாளர்களில் ஒருவர் உங்கள் சோனி டைக்ஸ். அவருடைய தந்தை ஸ்பைக் டைக்ஸும் லபக்கில் எங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். லீச் 2022 டிசம்பர் 12 அன்று காலமானார். நான்கு வாரங்களில் சோஃபை ஆட்டம். இடைவேளையில் திரையில் 38–7 என்று ஒளிர்ந்தபோது நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்றேன். எங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த எண் அப்படிப்பட்ட எண்ணாகத் தோன்றியிருக்காது.

ஆகவே நீங்கள் இருந்தது சரி. அந்த இரவில் அதே கணக்கிலிருந்து திரும்பிய ஓர் ஆட்டம் வரலாற்றில் உண்மையாகவே இருந்தது.

---

மயாமிக்காரன்

2015 அக்டோபர் 24. கிளெம்சன் 58, மயாமி 0. எங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அதுவும் சொந்த அரங்கத்தில். இடைவேளையில் 42–0. எங்கள் குவார்ட்டர்பேக் பிராட் காயா காயத்தோடு வெளியேறினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் ஆல் கோல்டனை நீக்கிவிட்டார்கள்.

சொந்த அரங்கத்துக்கும் வெளியூருக்கும் இருக்கும் வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை. சோஃபையில் நீங்கள் விருந்தாளி. விமானம் ஏறிவிட்டால் அந்தக் கட்டடத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் அடுத்த ஆட்டத்துக்கு அதே நுழைவாயிலில், அதே சீட்டுப் பரிசோதகரிடம், அதே இருக்கைக்குப் போக வேண்டும். நான் மூன்றாம் பகுதி முடியும் வரை இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. போனபோது வெளிநுழைவாயிலில் முதிய காவலர் ஒருவர், "அடுத்த வாரம் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் ஆட்டம் வெளியூரில். டியூக்குக்கு எதிராகக் கடைசி ஓட்டத்தில் பந்தை எட்டு முறை கைமாற்றி 30–27 என்று வென்றோம். அதை வீட்டில் பார்த்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் நேரில் தோற்றது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது.

---

புதியவர்

மன்னிக்கவும், நான் இந்த விளையாட்டை இரண்டு ஆண்டுகளாகத்தான் பார்க்கிறேன். 52–7 ஆன பிறகும் ஜார்ஜியா ஏன் நிறுத்தவில்லை? ஆட்டத்தைச் சுருக்க விதி இல்லையா?

---

ஏதென்ஸ் முன்னாள் மாணவன்

இரு பயிற்சியாளர்களும் நடுவரும் ஒப்புக்கொண்டால் மீதிப் பகுதிகளின் நேரத்தைக் குறைக்கலாம் என்று விதி உண்டு. தேசிய இறுதியில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். கடைசி இரண்டு டச்டவுன்களை எடுத்தவர் முதலாண்டு மாணவரான பிரான்சன் ராபின்சன். ஆண்டு முழுவதும் பயிற்சியில் அடி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற மாற்று வீரர்களிடம், கிடைத்த ஒரே வாய்ப்பில் ஓடாதே என்று எப்படிச் சொல்வது? கடைசி டச்டவுனுக்குப் பிறகு கூடுதல் புள்ளி கிடைக்கவில்லை, அதனால்தான் 66 ஆகாமல் 65-இல் நின்றது. அதைக் கேலியாக நான் சொல்லவில்லை.

---

ஊதாச்சட்டை

ஜார்ஜியா நிறுத்தியிருக்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. மாற்று வீரர்கள் முழு வேகத்தில் ஓடியதை எதிரணிக்குத் தந்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். மைதானத்தில் நடந்ததற்கு விளக்கம் எளிது. எங்கள் தடுப்பணி முன்வரிசையில் மூவரையும் பின்னால் ஐவரையும் வைத்து ஆடுவது. எங்கள் மண்டலத்தின் வேகமான எறியாட்டத்துக்கு அது பொருந்தும்; நாட்டின் மிகச் சிறந்த இளைஞர்களை ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளும் ஜார்ஜியாவின் முன்வரிசைக்கு எதிராக அது நிற்கவில்லை. அவர்கள் 589 யார்டு, நாங்கள் 188. முக்கிய ஓட்டக்காரர் கெண்ட்ரே மில்லர் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. ஆடியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. டுகன் ஐந்து முறை வீழ்த்தப்பட்டார். ஒவ்வொரு முறையும் எழுந்தார். நான் இருந்ததால் பார்த்தது என்று சொல்வதற்கு என்னிடம் உண்மையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

மயாமி நண்பருக்கு: சொந்த அரங்கத்தைப் பற்றிச் சொன்னது மனதில் பட்டது. எங்கள் தோல்விக்கு முன்புவரை ‘போல்’ ஆட்டங்களின் மிகப் பெரிய வித்தியாசமாக இருந்த 56 புள்ளிகளை எட்டிய ஆட்டங்களில் ஒன்று, 2018 டிசம்பரில் ஆர்மி (ராணுவக் கல்விக்கழக அணி) ஹூஸ்டனை 70–14 என்று வென்றது, ஃபோர்ட் வொர்த்தில் எங்கள் ஏமன் கார்ட்டர் அரங்கத்தில்தான் நடந்தது. அன்று அங்கே ஹூஸ்டன் ரசிகர்களை வண்டி நிறுத்தத்தில் பார்த்தேன். முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருக்க வேண்டும்.

தல்லஹாசி நண்பர் சொன்னதைத்தான் அதிகம் யோசித்தேன். சான் அன்டோனியோவில் எழுந்து போனது என் பிழை. அந்தப் பிழையின் கடனைச் சோஃபையில் தம்பியும் சேர்ந்து அடைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது நியாயமல்ல. 2016-இல் அவன் திருச்சியில் பள்ளி மாணவன். 31–0-வும் 47–41-உம் அவனுக்கு நான் சொன்ன கதைகள்தான்.

2024 செப்டம்பர் 21 அன்று டல்லாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு (எஸ்.எம்.யு.) எதிரான ஆட்டத்துக்கு இருவரும் போனோம். நூறாண்டுக்கும் மேலான அண்டை வீட்டுப் பகை. 66–42 என்று தோற்றோம். டைக்ஸ் முன்பு பயிற்சியளித்த அரங்கத்திலேயே நடுவரோடு வாக்குவாதம் செய்து வெளியேற்றப்பட்டார். அன்று உள்ளே நுழையும் முன்பே வண்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். நான்காம் பகுதியில் அவன் எழுந்து, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். நான் கடைசி வரை இருந்தேன். திரும்பி வந்தபோது வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் முழு ஆட்டத்தையும் கேட்டிருந்தான். எனக்காகக் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை வாங்கி முன் இருக்கையில் வைத்திருந்தான். ஃபோர்ட் வொர்த் வரும் வரை அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.